கொயர் மாஸ்டர் பார்க்காத வேலைகள்: கல்லூரிப் பாடகர் குழுவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது எப்படி

நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள் இல்லை. பெங்களூரில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தினேன், ஆல்டோ என்னும் பெண்களின் தாழ்குரல் வரிசையின் கடைசியில் நின்று பாடினேன், அவ்வளவுதான். ஒரு ஸ்டாஃப் மீட்டிங்கில் "கணக்கு ஒழுங்காக எழுதுபவர் யார்?" என்று பிரின்சிபால் கேட்டபோது தலையைக் குனிந்துகொள்ளாமல் விட்டேன். அதன் பலனாக மூன்று முறை கொயரோடு மேனேஜராக ஜெர்மனி போய் வந்தாயிற்று. இப்போது ரிட்டயர் ஆகி லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். எந்தக் கல்லூரியிலாவது டூர் பேச்சு எழுந்தால் யாரோ ஒரு இளம் லெக்சரர் போன் செய்து, "மேம், எங்கிருந்து ஆரம்பிக்கணும்?" என்கிறார். ஆளுக்கு ஆள் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. எழுதிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். கச்சேரி ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம். அதை கொயர் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். மீதி இருபத்திரண்டரை மணி நேரம் உங்களுடையது.

கல்லூரி கொயர் ஊர் ஊராகப் பாடப் போவது புதிய விஷயம் இல்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்காகத் தொடங்கிய ஃபிஸ்க் கல்லூரி கடனில் தத்தளித்தபோது, 1871-இல் ஒன்பது மாணவர்கள் பாடிப் பணம் சேர்க்கக் கிளம்பினார்கள். 1873-இல் இங்கிலாந்து போய் விக்டோரியா மகாராணி முன்னால் பாடினார்கள். அந்தப் பணத்தில் எழும்பிய ஜூபிலி ஹால் இன்றும் நிற்கிறது. இதைக் கேட்டுவிட்டு எங்கள் கமிட்டியில் ஒருவர், "அப்போ நாமும் போய்ப் பணம் கொண்டுவரலாமே" என்றார். அங்கேதான் சிக்கல். அதைப் பிறகு சொல்கிறேன்.

அழைப்பும் தேதியும்

ஒன்றரை வருஷம் முன்பே ஆரம்பியுங்கள். நம் திருச்சபைகளுக்கு வெளிநாட்டுச் சபைகளோடு பழைய உறவுகள் உண்டு. அந்த வழியாகக் கேட்டால் கதவு திறக்கும். கச்சேரி ஏஜென்சி வழியாகப் போனால் ஹோட்டல், ஹால் வாடகை என்று கட்டுப்படியாகாது. சபை அழைத்தால் சபையார் வீடுகளில் தங்கலாம்.

ஜூலை, ஆகஸ்டில் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அவர்களுடைய கோடை விடுமுறை. பாஸ்டரிலிருந்து ஆர்கன் வாசிப்பவர் வரை கடற்கரைக்குப் போயிருப்பார்கள். பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டிய மே, ஜூன் நல்லது. ஆனால் நம் செமஸ்டர் பரீட்சை அங்கேதான் வந்து உட்காரும். பரீட்சைத் தேதியை நம்பி டிக்கெட் போடவே போடாதீர்கள், அது தள்ளிப்போகும். கடைசித் தேர்வுக்கும் விமானத்துக்கும் நடுவே பத்து நாள் இடைவெளி வைத்தேன், அதில் எட்டு நாளைப் பரீட்சையே தின்றுவிட்டது.

ஆட்கள் எத்தனை? இருபத்து நாலு பாடகர்கள். பெண்களில் சோப்ரானோ, ஆல்டோ, ஆண்களில் டெனர், பேஸ் என்று குரலுக்கு ஆறு பேர். கூட ஒரு மாஸ்டர், ஒரு மேனேஜர். நாற்பது பேரைக் கூட்டிப் போகலாம்தான், ஆனால் நாற்பது பேருக்குப் படுக்கை தேடும் சபைச் செயலாளரை நினைத்துப் பாருங்கள்.

பெயர் என்னும் தலைவலி

நம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு பெயர். அதிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், விமானக் கம்பெனியின் ஃபாரம் காலியை ஏற்காது. டிராவல் ஏஜென்ட் தன் புத்திக்குத் தோன்றியபடி அப்பா பெயரை ஒட்டிவிடுவார். டிக்கெட்டில் ஒன்று, விசாவில் ஒன்று என்றாகிவிடும். எங்கள் முதல் பயணத்தில் மூன்று பேருக்கு இப்படி ஆகி, ஏஜென்ட் கன்னடத்தில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்" (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்றார். விமான நிலையத்தில் யாரும் அட்ஜஸ்ட் செய்ய மாட்டார்கள்.

ஆகவே பாட்டுத் தேர்வு அன்றே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உள்ள எழுத்தை எழுத்துக்கு எழுத்து ஒரே பட்டியலாக டைப் செய்து, டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அதையே கொடுங்கள். குரூப் டிக்கெட் என்றால் இடத்தை முதலில் பிடித்துவிட்டுப் பெயர்களைப் பிறகு தர விமானக் கம்பெனிகள் பெரும்பாலும் விடுவார்கள். அந்தச் சலுகையைப் பயன்படுத்துங்கள், யாராவது ஒரு டெனர் கடைசி நேரத்தில் வேலை கிடைத்து விலகுவான்.

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்கு மேல் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் வாங்கமாட்டார்கள். பல நாடு போவதானால், அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். எங்கள் கொயரில் மிசோரம், நாகாலாந்துப் பிள்ளைகள் உண்டு. பாஸ்போர்ட் விலாசம் அங்கே இருந்தாலும் இங்கே தங்கிப் படிக்கிறார்கள் என்று கல்லூரி போனஃபைடு கடிதம் கொடுத்தால்தான் பெங்களூரிலேயே விண்ணப்பிக்க முடியும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். ஷெங்கன் விசா விதிகளில், லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் கலை நிகழ்ச்சிக்கு, லாப நோக்கமற்ற அமைப்பின் சார்பில் போகும் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விசாக் கட்டணம் கிடையாது. கட்டணம் இப்போது 90 யூரோ, இருபத்து நாலு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். அழைப்புக் கடிதத்தில் இந்த இரண்டு விஷயமும் தெளிவாக இருக்கும்படி அந்தச் சபையிடம் கேட்டு வாங்குங்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் வேறு, அதைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

காணிக்கைத் தட்டு

அங்கே கச்சேரிக்குப் பெரும்பாலும் டிக்கெட் இருக்காது. வாசலில் கூடை வைப்பார்கள். முதல் ஊரில் கூடை நிறைந்ததைப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கண் விரிந்தது. அதை உறையில் போட்டு இங்கே கொண்டுவந்து கல்லூரிக் கணக்கில் கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத நிறுவனம் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் வரவேண்டும். நான் செய்தது இது: காணிக்கையை அழைத்த சபையே எண்ணி, அதே சபை பஸ் வாடகைக்கும் டீசலுக்கும் கட்டியது. ஒரு யூரோகூட என் கைக்கு வரவில்லை. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

விமானச் செலவை இங்கேயே தேடுங்கள். டிசம்பரில் கல்கல், ரோஸ் குக்கி, பிளம் கேக் என்று கிறிஸ்துமஸ் பலகாரம் விற்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லென்ட் முடிந்தபின் பிரியாணி. ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன் சபைகளில் இரண்டு கச்சேரி. அப்புறம், நல்ல குரல் இருந்தும் பணம் இல்லாத பிள்ளை ஒவ்வொரு கொயரிலும் இருக்கும். அந்தப் பிள்ளையின் பங்கை யார் கட்டினார்கள் என்பது மேனேஜருக்கும் பிரின்சிபாலுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

என்ன பாடுவது

இது என் வேலை இல்லை, ஆனாலும் சண்டை போட்டேன். மாஸ்டர் தயாரித்த முதல் பட்டியலில் பாக், ஹேண்டல், மெண்டல்சன் என்று எல்லாம் ஜெர்மனியில் பிறந்த இசையமைப்பாளர்கள். நாங்கள் போவது லைப்சிக். 1723 முதல் சாகும்வரை பாக் வேலை பார்த்த தாமஸ் கோவில் (தேவாலயம்) இருக்கும் ஊர், அவரைப் புதைத்திருப்பதும் அங்கேதான். அதே கோவிலின் பையன்கள் கொயர் இன்றைக்கும் பாடுகிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறோமா என்று கேட்டேன். மாஸ்டர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பாக் ஒன்று மட்டும் தங்கியது, மற்ற இடத்தில் தமிழ்க் கீர்த்தனை நாலு, மிசோப் பாட்டு ஒன்று, கன்னடம் ஒன்று வந்தன.

கீர்த்தனை கற்பதில் வேடிக்கை. பாளையங்கோட்டைப் பக்கத்துப் பாட்டிகள் போலவே மிசோரமின் ஐஸ்வால் பிள்ளைகளும், சுரத்தை எழுத்தாக எழுதும் டானிக் சோல்ஃபாவில் புலி. டோ ரே மீ எழுதிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பாடிவிடுவார்கள். ழகரம் மட்டும் வாய்க்குள் உருண்டது. இரண்டு வாரத்தில் அதையும் பிடித்தார்கள். பிறகு பார்த்தால், ஆஸ்டின் டவுனில் பிறந்த எங்கள் தமிழ்ப் பையன்களைவிட ஐஸ்வால் டெனர் பையன் ஒருவனின் ழ சுத்தமாக இருந்தது.

லைப்சிக்குக்கு அருகில்தான் ஹாலே. வாய்ப்பிருந்தால் அங்கே ஒரு நாள் ஒதுக்குங்கள். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு படித்த ஊர். அங்கே உள்ள ஃபிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரும் ஹாலேயில் படித்தவர். அவர் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வளர்த்த பையன்தான் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார். அந்த சாஸ்திரியாரின் கீர்த்தனையை அங்கே பாடுமுன் இந்தச் சங்கதியை இரண்டே வரியில் ஜெர்மனில் சொல்லவைத்தோம். முன் வரிசையில் ஒரு வயதான அம்மா பாட்டு முடியும்வரை கைப்பையை மூடவேயில்லை, கைக்குட்டையைத் தேடியபடியே இருந்தார். அதே ஊரில் 1685-இல் பிறந்தவர்தான் ஹேண்டல் என்பதையும் மாஸ்டர் அன்று நாலு தடவை எனக்கு நினைவுபடுத்தினார்.

மூன்று சில்லறைக் குறிப்புகள். ஜெர்மனியில் பதிப்புரிமை உள்ள இசைக் குறிப்பை அனுமதி இல்லாமல் ஜெராக்ஸ் எடுப்பதே சட்டப்படி தடை. நம் ஃபைல்கள் முழுக்க ஜெராக்ஸ்தான். வாங்க வேண்டியதை வாங்குங்கள், முடிந்தவரை மனப்பாடமாகப் பாடவையுங்கள். அடுத்து, பெரிய கல் கோவில்களில் சத்தம் அடங்க ஐந்தாறு விநாடி ஆகும். மாஸ்டர் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்ப்பார். அதற்கேற்ப வேகத்தைக் குறைக்காவிட்டால் நம் ஜதி எல்லாம் கூழாகிவிடும். மிருதங்கத்தை விட்டுவிட்டுக் கஞ்சிராவோடு நிறுத்திக்கொண்டோம். கடைசியாக, ஆர்கன் சுருதி குளிரில் இறங்கும், வெயிலில் ஏறும். காலையில் ஒத்திகை பார்த்தது சாயங்காலமும் அதே சுருதியில் இருக்கும் என்று கீபோர்டுக்காரப் பையன் நம்பியிருக்க வேண்டாம்.

வீட்டில் தங்குவது

இதற்குத்தான் அதிகம் பயிற்சி வேண்டும். டூருக்கு முன் மூன்று சனிக்கிழமை கல்லூரி உணவுக்கூடத்தில் நடித்தே காட்டினேன்.

முதல் பாடம், "வேண்டாம்" என்ற சொல். நம் வீட்டில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாவது தடவையும் சும்மா. மூன்றாவது தடவை அத்தை தட்டில் வைத்தே விடுவார். அங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் பாத்திரம் அடுக்களைக்குப் போய்விடும். முதல் டூரில் என் சோப்ரானோ ஒருத்தி மரியாதை காட்டிக் காட்டி இரண்டு ராத்திரி அரைப்பட்டினியாகப் படுத்தாள். மூன்றாம் நாள் பஸ்ஸில் அழுதபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதனால் உணவுக்கூடத்தில் நான் ஜெர்மன் அம்மாவாக உட்கார்ந்து, "இன்னும் வேண்டுமா?" என்பேன். ஆமாம், தாருங்கள், நன்றி என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழக வேண்டும். ஆமாம் சொல்ல நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு கூச்சம்!

ராத்திரிச் சாப்பாடு பல வீடுகளில் சூடாக இருக்காது. ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், அவ்வளவுதான். பரமண்டல ஜெபத்தில் நாம் "வேண்டிய ஆகாரம்" கேட்கும் இடத்தில் அவர்கள் ரொட்டி என்றே கேட்கிறார்கள். ஜெபம் அப்படியே பலித்திருக்கிறது. ஊறுகாய் பாட்டிலும் பருப்புப் பொடியும் செக்-இன் பெட்டியில் போகட்டும். நெய்யும் இறைச்சி ஊறுகாயும் வேண்டாம், பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள்.

இரண்டாம் பாடம், குளியலறை. அந்தத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டை கிடையாது. பக்கெட், மக் நினைப்பில் வெளியே நின்று குளித்தால் தண்ணீர் மரத்தரைக்குள் இறங்கும். எங்கள் பேஸ் பையன் ஒருவன் இரண்டாம் மாடிக் குளியலறையில் செய்த காரியத்துக்கு, கீழ்வீட்டுக்காரரிடம் நான் ஒரு மைசூர் சாண்டல் சோப்புப் பெட்டியோடு போய் நின்றேன். ஷவர் திரையை உள்ளே விட்டு, குளித்தபின் துடைத்துவிட்டு வர வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடாது. ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு ராத்திரி என்றே தோன்றாது. வீட்டுக்கு இரண்டு பேராகத்தான் அனுப்புங்கள், மூன்று பேர் போனால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள். ஜோடியை நீங்கள் போடுங்கள், அவர்களிடம் விடாதீர்கள். கலகலப்பான ஒருத்தியோடு வாய் திறக்காத ஒருத்தி. காதலர்கள் எதிரெதிர் தெருவில். இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்காதீர்கள், முப்பத்தோரு வருஷம் லேபில் நின்றவளுக்குத் தெரியும்.

பரிசுப் பொருள் சின்னதாக இருக்கட்டும். சன்னபட்டணத்து மர பொம்மை, ஃபில்டர் காபித்தூள் போதும். ஒரு தடவை கமிட்டி பித்தளைக் குத்துவிளக்கு வாங்கித் தந்தது. ஆறு விளக்கு, ஒவ்வொன்றும் மூன்று கிலோ. பெட்டி எடை யாருடையது?

பஸ், புடவை, தொண்டை

அங்கே பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான், வாரத்தில் இரண்டு நாள் 10. ராத்திரி ஓய்வும் சட்டப்படி 11 மணி நேரம். கச்சேரி முடிந்து, சபையார் கேக் கொடுத்து, படம் எடுத்துப் பதினொரு மணிக்குப் படுக்கவிட்டு, "காலை ஏழுக்குக் கிளம்பலாமா?" என்று கேட்டால் அவர் சிரிப்பார். திட்டம் போடும்போதே அவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆள் எண்ணும்போது "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பவர் மேனேஜரே இல்லை. வராதவன் எப்படிப் பதில் சொல்வான்? ஒவ்வொருவருக்கும் ஒரு எண். ஒன்று, இரண்டு என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். இந்த ஞானம் எனக்கு, நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பதினேழாம் எண்ணை விட்டுவிட்டுப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனபின் வந்தது. காசு போட்டால்தான் திறக்கும் கழிப்பறை, அவனிடம் சில்லறை இல்லை, மாற்றப் போயிருக்கிறான். அன்றிலிருந்து எல்லார் பையிலும் இரண்டு யூரோ நாணயம் இருப்பது விதியானது.

புடவைக்குப் பட்டு வேண்டாம். இஸ்திரி கேட்காத ஆர்ட் சில்க், சிக்பேட்டையில் ஒரே லாட்டில் எடுத்தால் நிறம் மாறாது. உள்ளே குளிர் தாங்கும் தெர்மல் உள்ளாடை. ஜூன் என்றாலும் கல் கோவிலுக்குள் குளிரும். குதிகால் செருப்பு கூடாது, கல் தரையில் நடந்துவருவதே தாளமாகிவிடும்.

விமானத்துக்குள் காற்று பாலைவனம் போல உலர்ந்திருக்கும். தண்ணீர் குடிக்கவையுங்கள், பறக்கும் நேரம் முழுக்கப் பேசவே விடாதீர்கள். (முடியாது. ஆனாலும் சொல்லிப் பாருங்கள்.) அதிமதுரம், பனங்கற்கண்டு, சுக்குப்பொடி ஒரு டப்பாவில். மாத்திரைகள் அட்டையோடும் டாக்டர் சீட்டோடும். ஞாயிற்றுக்கிழமை அங்கே மருந்துக்கடை பெரும்பாலும் மூடியிருக்கும். அவசர எண் 112, எல்லார் போனிலும் பதிந்திருக்கட்டும். இறங்கிய அன்று கச்சேரி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. சில கோவில்களில் பாட்டுக்குப் பாட்டு கை தட்டமாட்டார்கள். முதல் ஊரில் மூன்று பாட்டு முடிந்தும் நிசப்தம். பிள்ளைகள் முகம் வெளிறிவிட்டது. கடைசி ஆமென்னுக்குப் பிறகு எழுந்து நின்று தட்டினார்கள், நிறுத்தவே இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

திரும்பி வந்தபின்

கணக்கை ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் ரசீதின் மை மங்கிவிடும். நன்றிக் கடிதத்தைக் கையால் எழுதவேண்டும், வாட்ஸ்ஆப்பில் கும்பிடு போடுவது கடிதம் ஆகாது. விலாசங்களைக் கடைசி நாள் பஸ்ஸிலேயே என் நோட்டில் எழுதி வாங்கிவிடுவேன். வீட்டுக்கு வந்தபின் ஒருவரிடமும் இருக்காது. கடிதம் தந்தால்தான் கச்சேரி போட்டோ கிடைக்கும் என்றேன், நாலு நாளில் இருபத்து நாலும் வந்தன. ராஜ்பவன் சாலை ஜி.பி.ஓ.வுக்கு ஆட்டோவில் போய் நானே தபால்தலை ஒட்டிப் போட்டேன். பதினேழாம் எண் மட்டும் தன் கடிதத்துக்குள் ஒரு இரண்டு யூரோ நாணயத்தை வைத்து ஒட்டியிருந்தான், என் விதிப்படி பையில் வைக்க வேண்டிய நாணயத்தை அவன் தங்கிய வீட்டு அம்மாதான் கடன் கொடுத்திருக்கிறார். நாணயத்தை வெளியே எடுத்து, அடுத்து அந்தப் பக்கம் போகும் பாஸ்டர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன்.